வீட்டிலேயே ஒலிம்பிக்ஸ்: பிள்ளைகளைக் களமிறக்க 20 குறிப்புகள்

ஒலிம்பிக்ஸ், உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் போதும், பிள்ளைகளுக்கு டிவி முன்னால் உட்கார நல்ல சாக்கு கிடைத்துவிடும். "கார்ட்டூன் இல்லையே, விளையாட்டுதானே பார்க்கிறான்" என்று நாமும் விட்டுவிடுவோம். பார்க்கட்டும். ஆனால் பார்த்ததைச் செய்தும் பார்க்கட்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. லீவு நாளில் அந்த 60 நிமிடத்தைத் தேடிப்பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.

இதற்கு மைதானமோ விலை கூடிய சாமானோ வேண்டாம். இன்ச் டேப், சாக்பீஸ், பழைய செய்தித்தாள், கோலமாவு, கொஞ்சம் செல்லோ டேப் போதும். ஒரே ஒரு நிபந்தனை: போட்டியை நீங்கள் நடத்தக் கூடாது. கொடி கட்டுவது முதல் தீர்ப்புச் சொல்வது வரை எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வரும் உதவியாளர்.

1. சீட்டுக் குலுக்கி வேலை பிரியுங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் போட்டியிட்டவர்கள் ஏறக்குறைய 10,500 பேர். ஒலிம்பிக்ஸுக்கும் பாராலிம்பிக்ஸுக்கும் சேர்த்து வேலை பார்த்த தன்னார்வலர்கள் சுமார் 45,000 பேர். அதாவது, ஆடுவதைவிட நடத்துவதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டியிருக்கிறது. நடுவர், நேரம் பார்ப்பவர், அளப்பவர், ஸ்கோர் எழுதுபவர், அறிவிப்பாளர், தண்ணீர் கொடுப்பவர் என்று ஆறு சீட்டு எழுதிக் குலுக்குங்கள். சீட்டு தினமும் மாறட்டும். தாத்தா பாட்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. ஓடியாடக் கூச்சப்படும் பிள்ளையிடம் முதல் நாள் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களின் நேரத்தைக் குறித்துக் குறித்து, தன் நேரம் என்ன என்று அதற்கே ஆசை வந்துவிடும்.

2. வளையல் வைத்து ஐந்து வளையம்

ஒரு வெள்ளைச் சார்ட்டில் வளையலை வைத்து ஐந்து வட்டம் வரையச் சொல்லுங்கள். மேல் வரிசையில் நீலம், கறுப்பு, சிவப்பு. கீழ் வரிசையில் மஞ்சள், பச்சை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருப்பது போல் வர வேண்டுமானால், எந்த வளையம் எங்கே மேலே போகிறது, எங்கே கீழே போகிறது என்று பார்த்து வண்ணம் தீட்ட வேண்டும். அரை மணி நேரம் ஆள் அசையாது. பியர் தெ குபெர்த்தென் 1913-ல் இதை வரைந்தபோது, வெள்ளைப் பின்னணியையும் சேர்த்து இந்த ஆறு நிறங்களில் ஒன்றாவது அன்றைய எல்லா நாட்டுக் கொடிகளிலும் இருந்தது. "இது இன்றைக்கும் சரியாக வருகிறதா, பத்துக் கொடியை எடுத்துப் பார்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

3. அகர வரிசையில் அணிவகுப்பு

தொடக்க விழா அணிவகுப்பில் கிரீஸ் முதலில் வரும். போட்டியை நடத்தும் நாடு கடைசியில் வரும். நடுவில் வரும் நாடுகளை நடத்துபவரின் மொழி வரிசைப்படுத்தும். 2008-ல் பெய்ஜிங்கில், நாட்டின் பெயரில் வரும் முதல் சீன எழுத்தை எழுத எத்தனை கோடு வேண்டும் என்ற கணக்கில் வரிசை அமைந்தது. டோக்கியோவில் ஜப்பானிய அசைவரிசை. நம் வீட்டில் தமிழ் அகர வரிசை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா, ஈரான், உருகுவே, எகிப்து என்று எளிதாகத் தொடங்கும். 'க' வந்ததும் திணறல் ஆரம்பிக்கும். கனடா, கானா, கியூபா, கென்யா, கொலம்பியா என்று சரியாக அடுக்கிவிட்டால் அகராதி பார்க்கப் பழகியாயிற்று. பொம்மைகளும் டெடி பியர்களும் ஆளுக்கொரு கொடியுடன் நடக்கட்டும்.

4. வாசலில் நாளுக்கு ஒரு கொடி

அன்றைக்கு எந்த நாடு விளையாடுகிறதோ அதன் கொடியை வாசலில் கலர் கோலப்பொடியால் போடலாம். சின்னவர்களுக்கு ஜப்பான், வங்கதேசம். கொஞ்சம் பெரியவர்களுக்கு ஜமைக்கா: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இல்லாத கொடி அது. கை தேர்ந்தவர்களுக்கு நேபாளம். நாற்கரமாக இல்லாத ஒரே தேசியக் கொடி. ஃபிளாட்டில் இருப்பவர்கள் தாம்பாளத்தில் துவரம்பருப்பு, பாசிப்பயறு, உளுந்து, அரிசி வைத்துச் செய்யலாம். பிறகு எல்லாவற்றையும் கலந்து வேகவைத்துச் சுண்டலாக்கிவிடாமல், வகை பிரித்து டப்பாவில் போடுவதும் பிள்ளைகள் வேலைதான்.

5. உலக சாதனைகளை உங்கள் வீட்டில் அளந்து பாருங்கள்

நீளம் தாண்டுதலை டிவியில் பார்க்கும்போது 8 மீட்டர் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சாக்பீஸும் இன்ச் டேப்பும் கொடுத்து மொட்டை மாடியில் கோடு போடச் சொல்லுங்கள். 1991-ல் மைக் பவல் தாண்டிய நீளம் 8.95 மீட்டர். பல வீடுகளில் வாசற்படியில் ஆரம்பித்தால் ஹாலைக் கடந்து சமையலறைக்குள் போய் முடியும். 2009-ல் 100 மீட்டரை உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினார். அதற்கு அவர் எடுத்து வைத்தது சுமார் 41 எட்டு. ஓர் எட்டுக்கு ஏறத்தாழ 2.44 மீட்டர். அந்த ஓர் எட்டில் உங்கள் பிள்ளைக்கு எத்தனை எட்டு என்று எண்ணட்டும்.

உயரத்துக்குக் கதவே போதும். நம் வீட்டு நிலைக்கதவு பொதுவாக 7 அடி, அதாவது 2.13 மீட்டர். யாரோஸ்லாவா மகுசிக் 2024-ல் படைத்த பெண்கள் உயரம் தாண்டுதல் சாதனை 2.10 மீட்டர், கதவின் தலைக்கு மூன்று சென்டிமீட்டர்தான் குறைவு. ஹவியர் சொத்தோமயோர் 1993-ல் தாண்டியது 2.45 மீட்டர். அது நிலைக்கு மேலே சுவரில் ஒட்ட வேண்டிய கோடு. ஸ்டூல் போட்டு நீங்கள் ஒட்டுங்கள். கம்பு ஊன்றித் தாண்டுதலில் அர்மாண்ட் டுப்ளான்டிஸ் 2025-ல் எட்டிய 6.30 மீட்டரை அளக்கத் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தளத்துக்குத் தளம் பத்தடி என்றால், அது இரண்டு மாடிக்கும் மேலே.

6. நின்ற இடத்திலிருந்து தாண்டலாம்

வீட்டுக்குள் ஓடி வந்து தாண்ட இடம் இருக்காது. கவலை வேண்டாம், 1900 முதல் 1912 வரை ஒலிம்பிக்ஸிலேயே நின்று தாண்டும் போட்டி இருந்தது. அமெரிக்காவின் ரே யூரி 1904-ல் நின்ற இடத்திலிருந்து 3.47 மீட்டர் தாண்டினார். சிறு வயதில் போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். 1900, 1904, 1908 ஆகிய மூன்று ஒலிம்பிக்ஸிலும் நின்று தாண்டும் போட்டிகளில் எட்டுத் தங்கம் வென்றார். மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முன்னால் கோடு கிழித்து, இரண்டு காலையும் சேர்த்துத் தாண்டட்டும். கோட்டிலிருந்து குதிகால் பட்ட இடம் வரை அளக்க வேண்டும். பின்னால் சாய்ந்து கையை ஊன்றினால், கை பட்ட இடம்தான் கணக்கு.

7. பேப்பர் ஈட்டியும் ஒரு பரிசோதனையும்

டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கிய நீரஜ் சோப்ரா, பாரிஸில் அதைவிடத் தூரமாக 89.45 மீட்டர் எறிந்தும் வெள்ளிதான் வாங்கினார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்துவிட்டார். இந்த இருவரின் கதையைச் சொல்லி, இரண்டு தாள் செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ஈட்டி செய்யச் சொல்லுங்கள். முனையில் ஸ்பாஞ்சோ பஞ்சோ வைத்துக் கட்டிவிடுங்கள்.

பிறகு பரிசோதனை. ஒரு ஈட்டியில் முன்பக்கம் நாலைந்து ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள்; இன்னொன்றில் நடுவில்; மூன்றாவதில் பின்பக்கம். ஒவ்வொன்றையும் மூன்று முறை எறிந்து, எது மூக்கு குத்தி விழுகிறது, எது வால் தொங்கிப் புரள்கிறது என்று எழுதி வைக்கட்டும். இதே கணக்கைச் சர்வதேசத் தடகள அமைப்பும் ஒருமுறை போட்டது. 1984-ல் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இன்னும் போனால் மைதானம் தாங்காது என்ற நிலை. ஈட்டி தரையில் படுத்தபடி வழுக்கிக்கொண்டு இறங்குவதும் நடுவர்களுக்குத் தலைவலியாக இருந்தது. 1986-ல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். முனை சீக்கிரம் இறங்கியது, தூரமும் குறைந்தது.

8. பத்து சென்டிமீட்டர் பாலம்

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் ஏறி ஆடும் சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர்; நீளம் 5 மீட்டர்; தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். உயரம் நமக்கு வேண்டாம். தரையில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டினால் பாலம் தயார். கோட்டைத் தொடாமல் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, தலையில் புத்தகம் வைத்துத் திரும்புவது என்று படிப்படியாகக் கூட்டலாம். மதிப்பெண் போடும் பிள்ளையிடம் 1976 மான்ட்ரியல் கதையைச் சொல்லுங்கள். பதினான்கு வயது நாதியா கொமனேச்சிக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. ஆனால் ஸ்கோர் பலகையில் 1.00 என்றுதான் வந்தது. பத்து வரும் என்று நினைத்து அந்தப் பலகையைச் செய்யவில்லை.

9. பனி இல்லாத கர்லிங்

குளிர்கால ஒலிம்பிக்ஸில் பனிமேல் கல்லை வழுக்கிவிட்டு, முன்னால் துடைப்பம் போட்டுத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்களே, அதற்கு நம் டைல்ஸ் தரை அருமையான களம். சாக்பீஸால் ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம். சம்படத்து மூடிகளை, அணிக்கு ஒரு நிறம் ரிப்பன் ஒட்டி, ஆளுக்கு நான்கு கொடுங்கள். எதிரணியின் மிக நெருங்கிய மூடியைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு புள்ளி. பாதையைத் துணியால் துடைத்துவிட்டு ஒருமுறை, துடைக்காமல் ஒருமுறை தள்ளிப் பார்த்தால் உராய்வு என்னவென்று தானாகப் புரியும். கர்லிங்கில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: தன் காலோ துடைப்பமோ கல்லில் பட்டுவிட்டால், ஆடுபவரே அதைச் சொல்லிவிட வேண்டும். இந்த விதியை வீட்டில் எல்லா ஆட்டத்துக்கும் நீட்டிக்கலாம்.

10. தொடர் ஓட்டத்தில் துணி மடிப்பு

செய்தித்தாளைச் சுருட்டி 30 சென்டிமீட்டரில் ஒரு தடி செய்யுங்கள். தொடர் ஓட்டத் தடியின் அளவு அதுதான். முதல் ஆள் கொடியிலிருந்து துணியை எடுத்து வர வேண்டும். இரண்டாம் ஆள் மடிக்க வேண்டும். மூன்றாம் ஆள் அவரவர் அலமாரியில் வைக்க வேண்டும். தடி கைமாறினால்தான் அடுத்தவர் தொடங்கலாம். கீழே விழுந்தால், விட்டவரே எடுக்க வேண்டும். கசங்கிய துணிக்கு ஐந்து விநாடி அபராதம். காய்கறிப் பையைக் காலி செய்வது, செருப்பு அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இதே வகை. நேரத்தைக் குறித்து வைத்தால், நாளைக்கும் நீங்கள் சொல்லாமலே வேலை நடக்கும்.

11. கண்ணைக் கட்டிக் காதால் ஆடும் கோல்பால்

பாராலிம்பிக்ஸில் பார்வைத்திறன் குறைந்தவர்கள் ஆடும் ஆட்டம் கோல்பால். அணிக்கு மூன்று பேர். பந்துக்குள் மணி இருக்கும். எல்லோர் கண்ணும் கட்டியிருக்கும். கோடு எங்கே என்று காலால் தடவித் தெரிந்துகொள்ள, டேப்புக்கு அடியில் கயிறு ஓடும். வீட்டில் சணல் கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டுங்கள். மணிப் பந்து இல்லையென்றால், சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சலசலக்கும். உட்கார்ந்தபடியே உருட்டி, உட்கார்ந்தபடியே தடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது; இது உண்மையான போட்டியிலும் உள்ள விதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு அமைதியாக இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்ஸில் வெள்ளியும் வெண்கலமும். ஐந்து வயதில் பேருந்து ஏறிச் சிதைந்த வலது காலோடு அவர் தாண்டிய உயரத்தையும், கதவு நிலைக்குப் பக்கத்தில் ஐந்தாவது குறிப்பில் போட்ட கோடுகளோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

12. பலூன் வாலிபால்

இரண்டு நாற்காலிக்கு நடுவே பழைய புடவையையோ துண்டையோ கட்டினால் வலை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் பெண்கள் வலையின் உயரம் 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. பலூனை வைத்து ஆடினால் டிவியும் தப்பிக்கும். மூட்டுவலிப் பாட்டியும், ஐந்து வயதுப் பேத்தியும் ஒரே அணியில் ஆடலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

13. ஒரே மூச்சில் கபடி

நம் ஊர் சடுகுடு, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து கபடி என்ற பெயரில் பதக்க ஆட்டம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. வீட்டுக்குள் பிடித்து இழுப்பது வேண்டாம். மூச்சை மட்டும் சோதிக்கலாம்: உட்கார்ந்தபடி, மூச்சு விடாமல் எத்தனை விநாடி பாட முடிகிறது? சட்டைக்குப் பின்னால் சொருகிய கைக்குட்டையைப் பிடுங்கினால் அவுட் என்று வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் முழு ஆட்டமும் ஆடலாம். தாத்தா காலத்தில் என்ன பாட்டுப் பாடிச் சென்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

14. மழை நாளுக்குச் செஸ், கேரம், ஒரு சின்னம்

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் சின்னம், வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு யானைக்குட்டி அப்பு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு நாய்க்குட்டி வால்டி. உங்கள் வீட்டுப் போட்டிக்கு என்ன? ஓணானா, அணிலா, மாடிக்கு வரும் காக்காயா? பழைய சாக்ஸ், பட்டன், களிமண் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். மழை பிடித்துக்கொண்டால் பலகை ஆட்டங்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். அதே ஆண்டு குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். இரண்டும் நடு ஹாலில் உட்கார்ந்து தொடங்கக் கூடிய ஆட்டங்கள்தான்.

15. டிவி சத்தத்தை நிறுத்தி, தமிழில் வர்ணனை

பத்து நிமிடம் டிவியை ஊமையாக்குங்கள். ஒரு பிள்ளை வர்ணனை செய்ய, இன்னொன்று நிபுணர். வானொலித் தமிழ் கிரிக்கெட் வர்ணனையில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் பேர் வாங்கியது, கண்ணால் பார்க்காதவருக்கும் களம் தெரியும்படி பேசியதால்தான். அதனால் ஒருவரைத் திரும்பி உட்காரவைத்து, அவருக்குப் புரிகிறதா என்று சோதியுங்கள். யார், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், என்ன ஆயிற்று: நான்கையும் சொல்ல வேண்டும். போனில் பதிவுசெய்து இரவு சாப்பாட்டின்போது போட்டுக் கேட்கலாம்.

16. அட்டவணையில் இருக்கிறது கணக்கு

2026 கால்பந்து உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். இந்த 104 எப்படி வந்தது? பெரிய பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள். நான்கு நான்கு அணியாக 12 பிரிவு. ஒரு பிரிவில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு ஆடினால் 6 ஆட்டம். 12 பிரிவுக்கு 72. அதன்பின் 32 அணிகள் மிஞ்சும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறினால், ஒருவர் மட்டும் நிற்க 31 ஆட்டம். மூன்றாம் இடத்துக்கு இன்னொன்று. கூட்டினால் 104. வீட்டில் ஐந்து பேர் கேரம் ஆடினால் எத்தனை ஆட்டம் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இடமான ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். 2028 ஒலிம்பிக்ஸ் நடக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூலையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே திங்கள் காலை 9 என்றால், அங்கே ஞாயிறு இரவு 8.30. நடுராத்திரி ஆட்டத்துக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். முடிவை யாரும் உளறாமல் காலையில் ஹைலைட்ஸ் போட்டால் அதே பரபரப்பு கிடைக்கும்.

17. இன்றைக்கு எந்த நாட்டுச் சாப்பாடு?

கென்யா ஓட்டக்காரர்கள் சாப்பிடும் உகாலி, மக்காச்சோள மாவில் கிண்டுவது. கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்த கைக்கு ஐந்து நிமிட வேலை. எத்தியோப்பியாவின் இன்ஜெரா புளித்த மாவில் ஊற்றுவது. ஒரு பக்கம் மட்டும் வெந்த, புள்ளி விழுந்த கேழ்வரகுத் தோசையை வைத்துச் சமாளிக்கலாம். ஜமைக்காவில் அரிசியையும் ராஜ்மாவையும் தேங்காய்ப்பாலில் சேர்த்து வேகவைக்கிறார்கள். ராஜ்மாவை மட்டும் முந்தின நாளே ஊறவைத்து, நன்றாக வேகவைத்துவிட்டுச் சேருங்கள். அடுப்புப் பக்கம் போகாத சின்னவர்களுக்கு ஜப்பானின் ஓனிகிரி: குழைந்த, சூடு ஆறிய சோற்றை, உப்புத் தண்ணீர் தொட்ட கையால் முக்கோணமாகப் பிடித்து, நடுவில் காய் வைத்து, வாழையிலைத் துண்டில் சுற்றலாம்.

18. சண்டைக்கு ரிவ்யூ, சமனுக்கு இரண்டு தங்கம்

நடுவர் பிள்ளையின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் உங்களிடம் ஓடி வருவார்கள். கிரிக்கெட் முறையைக் கொண்டுவாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரிவ்யூ, 15 விநாடிக்குள் கேட்க வேண்டும். சொன்னது சரியென்றால் ரிவ்யூ கையிலேயே இருக்கும். தவறென்றால் ஒன்று போயிற்று. இரண்டும் போன பின் புகார் கிடையாது. மத்தியானத்துக்குள்ளேயே எதற்குப் புகார் சொல்லலாம், எதை விடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மஞ்சள், சிவப்பு அட்டையும் வெட்டிக் கொடுங்கள். ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து யோசித்த ஏற்பாடு அது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. சாப்பிடும்போது போன் பார்க்கும் அப்பாவுக்கும் அட்டை உண்டு.

சமமாக முடிந்தால்? டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டரில் சமனாக நின்றார்கள். மேலும் தாண்டி முடிவு காணலாம் என்ற வழி இருந்தும், இருவரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அண்ணன் தம்பிக்கு வயது வித்தியாசம் அதிகமென்றால், ஒருவரோடொருவர் மோதவிட வேண்டாம். நேற்றைய தன் அளவை இன்றைக்கு யார் அதிகம் மிஞ்சினார் என்று பாருங்கள். கடைசியாக வரும் பிள்ளைக்கு எரிக் முசாம்பானி கதை. எக்குவடோரியல் கினியாவிலிருந்து 2000 சிட்னிக்கு வந்தவர். நீச்சல் கற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கூட நீந்த வேண்டிய இருவரும் தவறாகப் பாய்ந்து வெளியேற, 100 மீட்டரைத் தனியாக 1 நிமிடம் 52.72 விநாடியில் நீந்தி முடித்தார். அரங்கமே கைதட்டியது.

19. பதக்கம், மேடை, பிறகு துடைப்பம்

டோக்கியோவின் சுமார் 5,000 பதக்கங்களும் மக்கள் கொடுத்த பழைய மின்னணுச் சாமான்களிலிருந்து எடுத்த உலோகத்தில் ஆனவை. அதில் 62 லட்சம் பழைய போன்கள் அடக்கம். அதனால் நம் பதக்கமும் பழைய சாமானில்தான்: அட்டை, சாக்லேட் தாள், சம்பட மூடி, பழைய ரிப்பன். பாரிஸ் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தால் கழுத்தில் எவ்வளவு கனக்கும் என்று தெரியும். 1896-ல் முதலிடத்துக்கே வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும்தான். தங்கம் 1904-ல் வந்தது. ஆலிவுக்கு நாம் எங்கே போவது? வேப்பங்கொத்தில் கிரீடம் கட்டலாம்.

பரிசளிப்பு முடிந்ததும் யாரும் ஓடிவிடக் கூடாது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியை வென்ற ஜப்பான் அணி, உடைமாற்றும் அறையைச் சுத்தமாகத் துடைத்து, காகிதக் கொக்குகளும் நன்றிச் சீட்டும் வைத்துவிட்டுக் கிளம்பியது. டேப்பை உரிப்பது, சாக்பீஸ் கோட்டை அழிப்பது, பலூன் துண்டைப் பொறுக்குவது எல்லாம் முடிந்த பிறகே அன்றைய போட்டி முடிந்ததாக நடுவர் அறிவிக்கட்டும். குறிப்பாகப் பலூன் துண்டு: கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. கண்ணாடி டீப்பாய், ஈரத் தரை, சாக்ஸ் போட்ட கால், உயரமில்லாத கைப்பிடிச் சுவர், பத்து மணிக்கு மேல் கொதிக்கும் மாடித் தரை ஆகியவற்றையும் ஆட்டத்துக்கு முன்பே பாருங்கள். இந்த ஒரு வேலை மட்டும் உங்களுடையது. கீழ் ஃபிளாட்டில் மதியம் தூங்குபவர்கள் இருந்தால், குதிக்கும் ஆட்டம் மாலையில்.

20. ஒரு நோட்டு, அடுத்த போட்டி வரை

ஆளுக்கு ஒரு பக்கம்: தேதி, உயரம், எடை, நின்று தாண்டிய நீளம், ஒற்றைக் காலில் நின்ற நேரம், கபடி மூச்சு. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே இன்ச் டேப், வெறுங்கால் என்று இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஆசிய விளையாட்டுப் போட்டி 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். ஒலிம்பிக்ஸ் 2028 ஜூலை 14 முதல் 30 வரை லாஸ் ஏஞ்சலிஸில். 1900 பாரிஸுக்குப் பிறகு கிரிக்கெட்டும் அங்கே ஒலிம்பிக்ஸுக்குத் திரும்புகிறது. இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து, அன்றைக்கு நோட்டைத் திறந்து மறுபடி அளக்கட்டும். அதற்குள் கடைக்குட்டிக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும்; ஸ்கோர் எழுதும் சீட்டையும் நடுவர் விசிலையும் அடுத்த முறை அதனிடம் ஒப்படைத்துவிடுங்கள். மூத்தது ஓடட்டும்.